பங்க்கிலிருந்து தனி ஆம்பியன்டுக்கு வந்தவர்கள் இருக்கிறீர்களா? ஒரு ட்ராக்கைக்கூட முடிக்க முடியவில்லை

கிழிந்தஸ்பீக்கர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

11 வருடம் பங்க் பேண்டுகளில், அதாவது வேகமும் கத்தலுமாக இருக்கும் ராக் பேண்டுகளில், கிட்டார் வாசித்தேன். மொத்தம் மூன்று பேண்ட். முதலாவது வேகத்துக்காக, இரண்டாவது கோபத்துக்காக, மூன்றாவது பழக்கதோஷத்துக்காக. கடைசி பேண்ட் சண்டை போட்டெல்லாம் பிரியவில்லை. பாடுகிறவருக்கு வேலை மாறியது, பேஸ் வாசிக்கிறவருக்குக் குழந்தை பிறந்தது, வாரம் ஒரு ரிகர்சல் மாதம் ஒன்றானது. அப்புறம் "அடுத்தது எப்போது?" என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு வருடமாகத் தனியாக ஆம்பியன்ட் (பெரும்பாலும் தாளமில்லாமல் மெதுவாகப் படரும் இசை) செய்கிறேன். அதே கிட்டார்தான். கூடவே வால்யூம் பெடல், இரண்டு டிலே (எதிரொலி போடும் கருவி), நீளமான ரிவெர்ப் (பெரிய கூடத்தில் வாசித்தது போன்ற முழக்கம்), ஒரு லூப்பர் (வாசித்த துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது), ஒரு பழைய சின்த் (மின்னணு கீபோர்டு), லேப்டாப். ஹார்ட் டிஸ்கில் 43 ஃபைல் கிடக்கிறது. ஒன்றுகூட முடிந்ததில்லை.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், தினமும் உட்காருகிறேன். பேண்டில் எங்கள் பாட்டு சராசரியாக ஒன்றே முக்கால் நிமிடம். எங்கே முடிப்பது என்று யாரும் பேசியதே கிடையாது. டிரம்மரின் வலது தோள் கொஞ்சம் மேலே ஏறும். அது கண்ணில் பட்டதும் மற்ற மூன்று பேரின் கையும் தானாக நின்றுவிடும். இப்போது ஒரு ரீங்காரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் 38 நிமிடம் ஓடுகிறது. போதும் என்று சொல்ல ஆளில்லை.

இதே வழியில் வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

தாளக்கட்டை

43தானே? என்னிடம் 200 இருக்கிறது. ஆறுதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றுகார்டு

கோபித்துக்கொள்ள வேண்டாம், நேராகவே சொல்கிறேன். பங்க்கில் சொல்வதற்கு ஏதோ இருந்தது, அதனால்தான் ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடிந்தது. ஆம்பியன்டில் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் முடிவதில்லை. தூங்க வைக்கும் பிளேலிஸ்டுகளில் போய்ப் பாருங்கள். யார் வாசித்தது என்றுகூட யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. கத்திக்கொண்டிருந்த மனிதன் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வயதாகிவிட்டது என்று சொல்லியிருந்தால்கூட மரியாதை இருந்திருக்கும்.

ஒலிக்கிடங்கு

மூன்றுகார்டு, இரண்டும் எதிரெதிர் முனை என்று எங்கே படித்தீர்கள்? 1978ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ ஆம்பியன்ட் என்ற பெயரையே அட்டையில் போட்டு 'விமான நிலையங்களுக்கான இசை' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது அந்த வருடம். நியூயார்க்கில் பங்க்கையும் மிஞ்சி இரைச்சல் போட்ட நோ வேவ் பேண்டுகளான கன்டோர்ஷன்ஸ், டீனேஜ் ஜீசஸ் அண்ட் த ஜெர்க்ஸ், மார்ஸ், டிஎன்ஏ நான்கையும் பிடித்து உட்காரவைத்து நோ நியூயார்க் தொகுப்பைத் தயாரித்ததும் அதே மனிதர், அதே வருடம். பங்க் பேண்டுகளே காதைப் பொத்திக்கொள்ளும் சத்தம் அது.

இரண்டிலும் ஒரே அடிப்படைதான்: வாத்தியம் வாசிக்கும் திறமை தேவையில்லை, ஒரு யோசனை போதும். ஈனோ தன்னை இசைக்கலைஞர் அல்ல என்று சொல்லிக்கொண்டே வாழ்க்கையை ஓட்டியவர். மூன்று கார்டு (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் பேண்ட் ஆரம்பிக்கலாம் என்ற பங்க் பேச்சும் அதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

சூசைட் என்ற இரண்டு பேர் பேண்டையும் மறக்கக்கூடாது. கிட்டார் கிடையாது, டிரம்மர் கிடையாது. ஒரு மலிவான ஆர்கன், ஒரு ரிதம் மெஷின், ஒரு குரல். 70களின் தொடக்கத்திலேயே தங்கள் நிகழ்ச்சி நோட்டீஸில் பங்க் என்ற சொல்லைப் போட்டவர்கள். 1978இல் பிரசெல்ஸில் கூட்டம் அவர்களை 23 நிமிடத்துக்கு மேல் வாசிக்கவே விடவில்லை.  ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது பொறுக்கவில்லை போலிருக்கிறது.

மூன்றுகார்டு

ஈனோ தயாரிப்பாளர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். வேனில் ஆம்ப் ஏற்றி இறக்கியவர் யாராவது போயிருக்கிறார்களா?

ஒலிக்கிடங்கு

நிறையப் பேர்.

மிக் ஹாரிஸ். நேபாம் டெத் என்ற அதிவேக ஆங்கிலேய பேண்டின் டிரம்மர். 1987இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில்தான் உலகின் மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸில் ஏறியது இருக்கிறது. 1.316 வினாடி. இயந்திரத் துப்பாக்கி மாதிரி டிரம்ஸ் அடிக்கும் முறைக்கு பிளாஸ்ட் பீட் என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே. 1991இல் பேண்டை விட்டு வெளியே வந்தார். அப்புறம் லல் என்ற பெயரில் அவர் செய்தது பெரும்பாலும் டிரம்ஸ் இல்லாத இருண்ட ஆம்பியன்ட். உலகிலேயே வேகமாக அடித்தவர்களில் ஒருவர் அப்படி ஒரு இசையும் செய்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதே ஆல்பத்தில், இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக் கதை வேறு. அவர் ஃபைனல் என்ற தனி முயற்சியைப் பேண்டுக்கு முன்பே, பள்ளிக்கூட வயதில் தொடங்கிவிட்டார். அப்போது அது வெறும் இரைச்சல். 90களில்தான் ஆம்பியன்டாகத் தணிந்தது. ஆக, எல்லோரும் பேண்டில் களைத்துப்போய்த்தான் இங்கே வருகிறார்கள் என்பதும் சரியில்லை.

வயர் என்ற ஆங்கிலேய பங்க் பேண்ட் 1977இல் தங்கள் முதல் ஆல்பத்தில் 21 பாட்டை சுமார் 35 நிமிடத்தில் முடித்தார்கள். மூன்றே வருடத்தில் அதிலிருந்த புரூஸ் கில்பர்ட்டும் கிரஹாம் லூயிஸும் டோம் என்ற பெயரில் பாட்டின் எலும்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒலியை மட்டும் நோண்ட ஆரம்பித்தார்கள்.

அமெரிக்க மின்னணு இசைக்கலைஞர் மோபி, வாட்டிகன் கமாண்டோஸ் என்ற ஹார்ட்கோர் (பங்க்கிலேயே இன்னும் வேகமான, முரட்டு வகை) பேண்டில் கிட்டார் வாசித்தவர். 1993இல் ஆம்பியன்ட் என்றே பெயர் வைத்து ஒரு ஆல்பம். 1996இல் மறுபடி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கத்தப் போனார். 2016இல் நான்கு மணி நேர ஆம்பியன்டை இலவசமாகக் கொடுத்தார். போனால் திரும்பி வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இரவுப்பறவை

நான் வேனில் ஆம்ப் ஏற்றியவள். ஹார்ட்கோர் பேண்டில் ஆறு வருடம் பாடினேன். பாடினேன் என்றால் கத்தினேன்.

எனக்கு இது ரசனை மாற்றமே இல்லை, காது. ஒரு நாள் ரிகர்சல் முடிந்து வந்து படுத்தபோது ஃபிரிட்ஜ் கத்துகிறது என்று எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நிற்கவில்லை. அது என் காதுக்குள் இருந்தது. இன்றுவரை இருக்கிறது. சுமார் 6 கிலோஹெர்ட்ஸ், இடது பக்கம் கொஞ்சம் அதிகம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். சின்ன அறையில் டிரம்ஸோடு வாசித்தால் 100ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். நாங்கள் மூன்று மணி நேரம் வாசிப்போம், காதில் எதுவும் செருகாமல். செருகுவது கோழைத்தனம் என்று ஒரு முட்டாள்தனமான நினைப்பு.

மூன்றுகார்டு சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆம்பியன்ட் என்ற பெயரில் குவியும் சரக்கில் பாதி பெயின்ட்தான். ஆனால் கத்துவதை நிறுத்திய பிறகுதான் எனக்கு இன்னொரு குரலும் இருப்பது தெரிந்தது. இப்போது சொற்களே இல்லாமல் உயிரெழுத்துகளை மட்டும் லூப்பரில் அடுக்குகிறேன். ஆ ஒரு அடுக்கு, ஊ இன்னொன்று. மூச்சு இழுக்கும் சத்தத்தை முன்பெல்லாம் மறைத்தேன், இப்போது அதைத்தான் முன்னால் வைக்கிறேன். பேண்டில் நான் எழுதிய வரிகளைவிட அந்த மூச்சு என்னைப் பற்றி அதிகம் சொல்கிறது.

கிழிந்தஸ்பீக்கர், காது எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லையே?

கிழிந்தஸ்பீக்கர்

இரண்டு காதிலும் லேசாக உண்டு. அமைதியான அறையில் கேட்கும். ரீங்காரத்தைப் போட்டால் அதில் கரைந்துவிடும். ஒருவேளை அதனால்தான் நிறுத்த மனம் வரவில்லையோ என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு தோன்றுகிறது. இதற்கு முன்னால் யோசித்ததே இல்லை.

ஊமைநாடா

உளவியல் அப்புறம். முதலில் கைவேலையைப் பார்ப்போம். உங்கள் இணையப் பக்கத்தில் நீங்கள் ஏற்றியிருந்த இரண்டு ஃபைலைக் கேட்டேன்.

முதல் விஷயம், கீழே சேறாக இருக்கிறது. பங்க்கில் கிட்டாரின் அடிப்பகுதியை பேஸும் கிக் டிரம்மும் தள்ளி வைத்துவிடும். இப்போது தள்ள ஆளில்லை. டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்ட கார்டை நீள ரிவெர்புக்குள் அனுப்பினால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலியெல்லாம் தேங்கும். ரிவெர்புக்குப் போகும் சிக்னலில் அதை வெட்டுங்கள். அடியில் ஒரே ஒரு ஒலிதான் இருக்க வேண்டும், அது எது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, லூப் எல்லாம் ஒரே நீளம். எட்டு வினாடி, பதினாறு வினாடி. பேண்ட் பழக்கம் இது. எல்லோரும் ஒன்றாக முதல் அடிக்கு வரவேண்டும் என்ற எண்ணம். ஈனோ அந்த 1978 ஆல்பத்தில் பாட்டுக்குரல்களை வைத்துச் செய்த பகுதியில் ஒரு சுரம் 23.5 வினாடிக்கு ஒரு முறை வரும், இன்னொன்று 26க்குக் கொஞ்சம் குறைவு, மற்றொன்று 30க்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றோடு ஒன்று சேரவே சேராது. நீங்கள் 17 வினாடியில் ஒன்று, 23 வினாடியில் ஒன்று போட்டுப் பாருங்கள். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 391 வினாடி ஆகும், அதாவது 6 நிமிடம் 31 வினாடி. அதையே முடிவாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக 29 வினாடியில் ஒன்றைச் சேர்த்தால் 3 மணி நேரத்துக்கு மேல் போய்விடும், ஆகவே ஆசைப்பட வேண்டாம்.

மூன்றாவது, பின்னணி இரைச்சல். கிட்டார் பிக்கப்பின் 'ம்ம்ம்' சத்தம், நாற்காலி, யாரோ கதவைத் திறப்பது. நாய்ஸ் கேட் (குறைந்த சத்தத்தை அடைத்துவிடும் கருவி) போட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

இரவுப்பறவை

முதல் இரண்டும் சரி. மூன்றாவதைக் கேட்காதீர்கள்!

ஊமைநாடா

கதவுச் சத்தம் இசையா?

இரவுப்பறவை

சில சமயம் அதுதான் இசை.

பின்வரிசை

நான் வாசிப்பவன் அல்ல, கேட்பவன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரீங்காரம் என்றால் ஒன்றும் நடக்காது என்பது போல மேலே பேச்சு போனது. தம்புராவைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன நூலைச் செருகுவார்கள். அந்த நூலை மயிரிழை நகர்த்தினால் அதுவரை டொங் என்று செத்துக் கிடந்த தந்தி திடீரென்று பூக்கும், மேல் சுரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். நான்கு தந்தி, மீட்டுவதும் ஒரே வரிசை, ஆனாலும் ஒரு மணி நேரம் கேட்கலாம்.

ஆனால் ஒன்று. அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்து பாடுவார். தம்புரா தனியாகக் கச்சேரி செய்வதில்லை. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறதோ என்னவோ.

ஊமைநாடா

நல்ல கேள்வி. இதற்கு எனக்குப் பிடித்த பதில் அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ். 1988இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்ட் வார்டன் என்ற பழைய ராணுவ முகாமில் தண்ணீர் வற்றிப்போன நிலத்தடித் தொட்டி ஒன்றுக்குள் அக்கார்டியனோடு இறங்கினார். கூட ஒரு டிராம்போன்காரர், ஒரு பாடகர். அந்தத் தொட்டியில் ஒரு சத்தம் அடங்க 45 வினாடி ஆகும். ஒரு சுரம் வாசித்தால் அது போகும்வரை அதனோடுதான் குடித்தனம் நடத்தியாக வேண்டும். தப்பாக வாசித்தாலும் 45 வினாடி. அங்கே தொட்டியே நான்காவது ஆள்.

ரிவெர்பை அழகுக்குப் பூசும் பூச்சாக நினைக்காமல் பதில் சொல்லும் ஆளாக நினையுங்கள். நீங்கள் ஒன்று சொன்னால் அது முடிக்கும்வரை காத்திருங்கள்.

கிழிந்தஸ்பீக்கர்

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் உட்கார்ந்து ஊமைநாடா சொன்னபடி செய்தேன். அடியை வெட்டியதும் சேறு போய்விட்டது, அது உண்மையிலேயே பெரிய வித்தியாசம். 17, 23 லூப்பும் போட்டேன். 6:31இல் இரண்டும் சேர்ந்தபோது மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அங்கே முடித்ததும் கணக்கு முடிந்த மாதிரி இருந்ததே தவிர பாட்டு முடிந்த மாதிரி இல்லை.

ஒன்று புரிகிறது. லூப் எத்தனை போட்டாலும் எல்லாமே நான்தான். எங்கள் இரண்டாவது பேண்டில் பேஸ் வாசித்தவனுக்கு ஞாபகமறதி. ஒரு பாட்டில் 'ஜி' சுரத்துக்குப் போக வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் 'எஃப்' சுரத்துக்குப் போவான். நாங்கள் திட்டுவோம். ஒரு நாள் சரியாக 'ஜி' சுரத்துக்குப் போனான். பாட்டு செத்துவிட்டது. அன்றிலிருந்து எஃப்தான். அந்த மாதிரித் தப்பை நானாக எப்படிச் செய்வது? தெரிந்து செய்தால் அது தப்பே இல்லை. வேறு ஒருவர் செய்ய வேண்டும்.

ஒலியைத் துணுக்குகளாக உடைத்து அடுக்கும் கிரானுலர் எஃபெக்டில் ரேண்டம் வைத்துப் பார்த்தேன். அது தாயக்கட்டை உருட்டுவது போலத்தான் இருக்கிறது. அவனுடைய எஃப்பில் ஒரு பிடிவாதம் இருந்தது.

மூன்றுகார்டு

இத்தனை நாள் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தப் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பங்க் நிகழ்ச்சியில் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு அடிகூட இருக்காது. தப்பாக வாசித்தால் முகத்துக்கு நேராகத் தெரிந்துவிடும், அறுத்தால் வெளியே போய்விடுவார்கள். இத்தனை வருடம் யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்தே முடித்துப் பழகியவர் நீங்கள். இப்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்க்கிறீர்கள். ஸ்கிரீனில் அலை நெளிகிறது, அது என்றைக்கும் சலித்துக்கொள்ளாது.

அந்த டிரம்மரோடு பேச்சு இருக்கிறதா? இருந்தால் கூப்பிடுங்கள். டிரம்ஸ் வேண்டாம். சும்மா உட்காரச் சொல்லுங்கள்.

ஆம்பியன்ட் பற்றிய என் கருத்து மாறவில்லை, அதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

தாளக்கட்டை

டிரம்மரை டிரம்ஸ் இல்லாமல் சும்மா உட்காரச் சொல்வதா? ஒரு டிரம்மராகச் சொல்கிறேன், மேஜையைத் தட்டியே தீர்த்துவிடுவோம்.

ஒலிக்கிடங்கு

இதற்கும் முன்னோடி இருக்கிறது என்று சொல்ல வந்தேன், வேண்டாம். கூப்பிடுங்கள்.

கிழிந்தஸ்பீக்கர்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

கூப்பிட்டேன். ஒன்றரை வருடமாகப் பேசவில்லை, என்ன நினைப்பானோ என்று தயக்கம். "என்னடா, மறுபடி பேண்டா?" என்றான். இல்லை, நான் வாசிக்கிறேன், நீ உட்கார்ந்திரு, போதும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, சனிக்கிழமை" என்றான்.

ஹெட்ஃபோன் வேண்டாம் என்று சின்ன ஸ்பீக்கரில், பேசினால் கேட்கும் அளவுக்கு வைத்தேன். அவன் மூலையில் இருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தான். நான் முதுகைக் காட்டாமல் அவனைப் பார்த்து உட்கார்ந்தேன், பேண்டில் இருந்தது போலவே. இரண்டு லூப், ஒரு ரீங்காரம், மேலே கிட்டார். அறையில் ஒரு மைக்கும் வைத்திருந்தேன்.

முதல் இரண்டு நிமிடம் அவன் தொடையில் விரல் தட்டிக்கொண்டிருந்தான் (தாளக்கட்டை சொன்னது சரி). எந்த அடியிலும் பிடிமானம் கிடைக்கவில்லை, நிறுத்திவிட்டான். அப்புறம் கூரையைப் பார்த்தான். நான் ஒரு சுரத்தைக் கொஞ்சம் இழுத்தபோது முகத்தைச் சுளித்தான், அதைக் குறைத்தேன். அவனுக்கு அது தெரிந்திருக்காது. இன்னொரு இடத்தில் கண்ணை மூடினான், அங்கே ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டேன். நான் தனியாக இருந்திருந்தால் கட்டாயம் அங்கே இன்னொரு அடுக்கைப் போட்டிருப்பேன்.

திடீரென்று அவனுடைய வலது தோள் ஏறியது. பாட்டை நிறுத்தச் சொல்லி அல்ல, தண்ணீர் குடிக்க எழுந்தான், அவ்வளவுதான். என் கை நின்றுவிட்டது. யோசிக்கவே இல்லை. லூப்பரையும் காலால் அமுக்கிவிட்டேன். ரிவெர்ப் மட்டும் தானாக வடிந்து முடிந்தது. அவன் தம்ளரோடு திரும்பி வந்து, "ஏன் நிறுத்திட்டே?" என்றான்.

9 நிமிடம் 20 வினாடி. இரண்டு வருடத்தில் முதல் முடிந்த ட்ராக். என் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கூடவே ஒரு பிரஷ் குச்சி கொண்டுவரலாமா என்று கேட்டான், யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றுகார்டு

கேட்டேன். முழுவதும். இதற்கு மேல் என்னிடமிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

இரவுப்பறவை

7வது நிமிடத்தில் எல்லாம் இறங்கி ஒரே சுரம் மட்டும் நிற்கிறதே, அதுதான் கண்ணை மூடிய இடமா?

கிழிந்தஸ்பீக்கர்

அதேதான்.

ஊமைநாடா

அடிப்பகுதி இப்போது சுத்தம். ஒரே ஒரு சந்தேகம். 4:10இல் ஒரு கிறீச் சத்தம், 5:02இல் இன்னொன்று. இரண்டாவது கிட்டத்தட்ட சுருதியிலேயே விழுகிறது. ஃபீட்பேக்கா, சின்த்தா?

கிழிந்தஸ்பீக்கர்

நாற்காலி. அவன் கால் மாற்றிப் போட்டான்.

ஊமைநாடா

எடுத்துவிடாதீர்கள்.